ஷாங் சுங்கா, ஷாவ் கானா: யார் பெரிய வில்லன்?

5 அக்டோபர் 2024, ஒரு வாசகரின் கேள்வி

மார்ட்டல் காம்பாட் சண்டை வீடியோ கேம் என்றாலே எல்லாரும் ஷாங் சுங்கைத் தூக்கிப் பிடிக்கிறீர்கள். ஷாவ் கான் சுத்தியலால் ஒரு போடு போட்டால் ஆள் காலி. ஷாங் சுங் அவனுக்குக் கைகட்டி நிற்கிற சூனியக்காரன். அடியாள் எப்படி முதல் வில்லன் ஆவான்?

5 அக்டோபர், இரவு

கைகட்டி நிற்கிறானே, அதனால்தான்.

கான் ஒரு பேரரசன். படை இருக்கிறது, பலம் இருக்கிறது, வந்தான், அடித்தான். அதில் கதைக்கு என்ன வேலை? ஷாங் சுங்குக்கு ஒரு தீவும் ஒரு சிம்மாசனமும் உண்டு. ஆனால் தலைக்கு மேலே ஒரு முதலாளி, வயிற்றுக்குள்ளே தீராத பசி. அடுத்தவர் ஆன்மாவைத் தின்னாவிட்டால் கிழடு தட்டிச் செத்துப்போவான். ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பான், ஆனால் ஒவ்வொரு நாளும் கடன் வாங்கித்தான் வாழ்கிறான்.

அப்புறம் அந்தப் போட்டி விதி. கான் ஆளும் உலகமான அவுட்வேர்ல்ட் நம் பூவுலகத்தைப் பிடிக்க வேண்டுமானால் தொடர்ந்து 10 போட்டிகள் ஜெயிக்க வேண்டும். 1992-ல் வந்த முதல் ஆட்டம் தொடங்கும்போது 9 முடிந்துவிட்டது. அவர்கள் பக்கத்து வீரன், நான்கு கை கோரோ, 500 வருஷமாகத் தோற்கவே இல்லை. பத்தாவது போட்டியை நடத்துகிற பொறுப்பு ஷாங் சுங் கையில். விருந்தாளிகளைக் கப்பலில் ஏற்றித் தன் தீவுக்குக் கூட்டி வந்து, சோறு போட்டு, பிறகு கொல்கிற ஆள் அவன். விதியை உடைக்க மாட்டான். விதி எந்த இடத்தில் வாயைத் திறக்கவில்லையோ அந்த இடத்தில் கையை விடுவான். இப்படிப்பட்டவனைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

6 அக்டோபர்

கீழே ஒருவர், "அவன்தான் கதாநாயகன் லியூ காங்கிடம் தோற்றுப்போகிறானே" என்கிறார். தோற்காத வில்லனை வைத்து யார் ஆட்டம் செய்வார்கள், சார்? காசு போட்டு ஆடுகிறவன் ஜெயித்தால்தான் அடுத்த காசு விழும்.

6 அக்டோபர், மாலை

கடை ஞாபகம் வந்துவிட்டது, எழுதிவிடுகிறேன்.

திருச்சியில் எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு வீடியோ கேம் கடை. இரண்டு டிவி, ஒரு மேசை விசிறி, மணிக்கணக்கில் வாடகை. முதல் பாகத்தில் முற்றம் மாதிரி ஒரு இடம் வரும். பின்னால் சிம்மாசனத்தில் ஒரு வெள்ளைத் தாடிக் கிழவன் உட்கார்ந்து சண்டையைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவன் பெயரைப் படிக்கிற அளவுக்கு எங்களில் யாருக்கும் பொறுமை கிடையாது. "தாத்தா" என்போம். தாத்தா யாரோ வேடிக்கை பார்க்க வந்த பெரியவர் என்றுதான் எங்களுக்குள் முடிவாகியிருந்தது. ஒரு நாள் கோரோவை எப்படியோ தாண்டிய அண்ணன் ஒருத்தர், அடுத்து எதிரே வந்து நிற்பது அதே தாத்தா என்று கத்தினார். கடையே அந்த டிவி முன்னால் கூடியது. தாத்தா நெருப்பு மண்டையோடுகளை விட்டார், அடுத்த நொடி ஸ்கார்பியன் என்ற இன்னொரு வீரனாக மாறி ஈட்டியை வீசினார், அதற்கடுத்த நொடி கோரோவாகவே மாறிவிட்டார். அண்ணன் பாடு திண்டாட்டம்.

இத்தனை நேரமும் நம் சண்டைக்குப் பின்னால் சும்மா உட்கார்ந்திருந்தவன் அவன். ஒவ்வொருத்தர் அடியையும் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறான். அந்தச் சிம்மாசனத்தை அங்கே வரைந்தவருக்கு ஒரு கும்பிடு. மிட்வே கம்பெனியில் எட் பூன், ஜான் டோபையஸ் என்று ஆரம்பித்த நான்கு பேர் குழுதான் முதல் ஆட்டத்தைச் செய்தது. அந்தக் குட்டிக் குழுவுக்கு இந்த யோசனை வந்திருக்கிறது.

(கடைக்காரர் கதை தனி. கோரோ வருகிற நேரம் பார்த்து "டைம் முடிஞ்சுது" என்று சுவிட்சை அணைப்பார். விதிக்குள் நின்று ஏய்ப்பது எப்படி என்று அவரிடமே கற்றிருக்கலாம்.)

7 அக்டோபர்

முதல் பாகத்தைப் பற்றி இன்னொன்று. அந்த ஆட்டத்தில் நிஜ ஆட்களை வீடியோ எடுத்துத்தான் உருவங்கள் செய்தார்கள். லியூ காங்காக நடித்தவர் ஹோ சுங் பாக். ஷாங் சுங்காக, கிழவன் வேஷம் கட்டி நடித்தவரும் அதே ஹோ சுங் பாக். நாயகனும் வில்லனும் ஒரே உடம்பு! லியூ காங்கை வைத்துக் கடைசிச் சண்டை போட்டால் அந்த மனிதர் தன்னையே அடித்துக்கொள்கிறார். சின்ன குழு, ஆள் பற்றாக்குறை என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். ஆனால் உருமாறுகிற சூனியக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமாக யோசித்துச் செய்ய முடியுமா?

இரண்டாம் பாகத்தில் (1993) ஃபிலிப் ஆன், மூன்றில் (1995) ஜான் டர்க். டர்க் அதே ஆட்டத்தில் சப் ஜீரோ என்ற வீரனும் கூட. பாகத்துக்கொரு ஆள், பாகத்துக்கொரு முகம்.

7 அக்டோபர், இரவு

இரண்டாம் பாகத்தில் அவன் இளைஞன். தாடி போச்சு, கறுப்பு முடி வந்தாச்சு. எங்கள் கடையில் இவன்தான் அந்தத் தாத்தா என்று யாரும் நம்பவில்லை. தாத்தாவின் பேரன் என்று ஒரு கட்சி, மகன் என்று ஒரு கட்சி.

கதை என்னவென்றால், தோற்றுப்போய் உயிருக்குக் கெஞ்சிக்கொண்டு கான் முன்னால் நிற்கிறான். கான் தலையைச் சீவியிருக்க வேண்டும். இவன் அந்த இடத்தில் நின்றுகொண்டே ஒரு திட்டம் விற்கிறான்: "பூவுலகத்து ஆட்களை நம் இடத்துக்கே வரவழைத்து அங்கே போட்டி வைப்போம்." கான் திட்டத்தை வாங்கிக்கொண்டு இளமையைத் திருப்பிக் கொடுக்கிறான். கழுத்தில் கத்தி இருக்கும்போது வியாபாரம் பேசுகிறான் பாருங்கள். கானுக்கு இது வருமா? சுத்தியலைத்தான் தூக்குவான்.

ஆடுவதற்கும் அவன் சுகமான ஆள் இல்லை. ஒரு மண்டையோடு வேண்டுமென்றால் பின், பின் என்று தட்டி ஹை பஞ்ச் பட்டன். இரண்டு வேண்டுமென்றால் நடுவில் ஒரு முன். மூன்றுக்கு இரண்டு முன். கிட்டானாவாக மாற பிளாக் பட்டனை மூன்று தடவை தட்ட வேண்டும். மிலீனாவாக மாற ஹை பஞ்சைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்து விட வேண்டும். இப்படி ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொன்று. இதற்கு மேல், மாறின பிறகு அந்த ஆளின் அடிகளும் கைவசம் இருக்க வேண்டும். அவனை நன்றாக ஆடத் தெரிந்தவனுக்கு எல்லாரையும் ஆடத் தெரியும் என்று அர்த்தம்.

கோரோ மாதிரியே நான்கு கை கொண்ட கின்டாரோவாக மாறி, தோற்றவனைக் கொல்கிற ஃபேட்டாலிட்டி என்ற கடைசி அடிக்கு லோ பஞ்ச் பட்டனை அரை நிமிஷம் போலப் பிடித்தபடியே இருக்க வேண்டும். அதாவது கடைசி ரவுண்டு முழுக்க அந்தப் பட்டன் நமக்கு இல்லை. கட்டைவிரல் ஒரு பட்டனில் ஒட்டிக்கிடக்க, மிச்ச விரல்களால் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் ஆடுகிறவன் நம் கையை எட்டிப் பார்த்தாலே திட்டம் வெளுத்துவிடும். துண்டைப் போட்டுக் கையை மூடிக்கொண்டு ஆடிய பையன்கள் உண்டு.

8 அக்டோபர்

மூன்றாம் பாகத்தை பிளேஸ்டேஷனில் ஆடியவர்கள் கையைத் தூக்குங்கள். காசு போட்டு ஆடுகிற ஆர்கேட் மெஷினில் கண் இமைக்கும் முன் மாறுவான். சிடியில் வந்தபோது, அவன் ஒவ்வொரு தடவை மாறும்போதும் புது ஆளைச் சிடியிலிருந்து லோட் செய்ய ஆட்டம் நின்றுவிடும். உலகத்தையே ஏமாற்றுகிற மாயாவி, டிரைவ் "கர்ர்" என்று சுற்றி முடிக்கிற வரை காற்றில் காத்திருப்பான். எதிராளி அதற்குள் பிளாக் பட்டனில் விரலை வைத்துத் தயாராகிவிடலாம். கான் செய்ய முடியாததை ஒரு சிடி டிரைவ் செய்தது.

8 அக்டோபர், இன்னும் கொஞ்சம்

மூன்றாம் பாகக் கதையைச் சொல்லி ஒரு நண்பர் மடக்கப் பார்க்கிறார்: "கான் தானே போட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு நேரடியாகப் பூவுலகத்துக்குள் வந்தான்? அதுதானே துணிச்சல்?"

எப்படி வந்தான் என்று பாருங்கள். ராணி சிண்டெலைப் பூவுலகத்தில் உயிர்ப்பிக்கிறார்கள். அவள் அவனுக்கு மனைவி என்பதால் அவளை உரிமை கொண்டாடி எல்லையைத் தாண்டலாம். அந்தச் சடங்கை நடத்தியவர்கள் நிழல் பூசாரிகள். அவர்களுக்குத் தலைவன் யார்? நம் ஆள்தான். விதியில் பொந்து தோண்டினவன் இவன், அதில் சுத்தியலோடு நுழைந்தவன் அவன்.

9 அக்டோபர்

இழை எங்கெங்கோ போகிறது, நானும் போகிறேன். "ரத்தம் வந்ததா வரவில்லையா" என்ற சண்டைக்கு: இரண்டு பேர் சொல்வதும் சரி. முதல் பாகம் வீட்டுக்கு வந்தபோது நின்டெண்டோவில் ரத்தத்தை எடுத்துவிட்டுச் சாம்பல் நிற வியர்வையைப் போட்டார்கள். சேகாவில் ஏ பி ஏ சி ஏ பி பி என்று தட்டினால் ரத்தம் வரும். யார் எந்தப் பெட்டியில் ஆடினீர்களோ அதைத்தான் நினைவில் வைத்திருக்கிறீர்கள்.

இது அமெரிக்க செனட் விசாரணை வரை போனது, 1993 டிசம்பரில். அடுத்த வருஷம் ஆட்டங்களுக்கு வயது முத்திரை குத்துகிற ஈஎஸ்ஆர்பி அமைப்பு வந்தது. சண்டையெல்லாம் ரத்தத்தையும், சப் ஜீரோ தலையை முதுகெலும்போடு பிடுங்குவதையும் பற்றித்தான். பின்னால் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்த தாத்தா அங்கேயும் தப்பித்துவிட்டார்.

10 அக்டோபர்

ஏழு கடல் ஏழு மலை தாண்டிக் கிளிக்குள் உயிரை வைத்திருக்கும் மந்திரவாதிதானே இவனும் என்று கேட்டிருக்கிறீர்கள். யோசித்துப் பார்த்தால் நேர் எதிர். நம் கதை மந்திரவாதி தன் உயிரை வெளியே கொண்டுபோய் ஒளிக்கிறான். அதனால் அவன் உடம்பை என்ன செய்தாலும் ஒன்றும் ஆகாது. கிளியைத் தேடிப் போக வேண்டும். இவன் வெளியே இருக்கிற உயிர்களைத் தன் உள்ளே சேர்க்கிறான். அதனால் அவனை அடித்தால் போதும், சேர்த்தவை எல்லாம் கொட்டிவிடும். 1995-ல் வந்த மார்ட்டல் காம்பாட் சினிமாவில் அவன் கீழே விழுந்து குத்துப்பட்டதும் ஆன்மாக்கள் கூட்டமாக வெளியே கிளம்புகிற காட்சி இதுதான். ராஜகுமாரனுக்குக் கிளியைத் தேடும் வேலை மிச்சம். ஆனால் அடிக்கிற ஒவ்வொரு அடியும் உள்ளே இருக்கிற அப்பாவிகள் மேலும் விழுகிறதா என்று ஒரு சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. ஆட்டம் அதைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

யயாதி என்று ஒருவர் எழுதியிருந்தார். மகனிடம் இளமையைக் கேட்டு வாங்கியவன் யயாதி, கடைசியில் திருப்பியும் கொடுத்தான். இவன் கேட்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை.

11 அக்டோபர்

படம் என்றதும் அதில் ஷாங் சுங்காக நடித்த கேரி ஹிரோயுகி தகாவாவைச் சொல்லாமல் விட முடியாது. அந்தப் பாத்திரத் தேர்வுக்கு அவர் வேஷம் கட்டிக்கொண்டே வந்து, நாற்காலி மேல் ஏறி நின்று வசனம் பேசினார் என்பது பிரபலமான கதை. படத்தில் பெரும்பாலும் அவர் சண்டையே போடுவதில்லை. நிற்கிறார், கண்ணை விரிக்கிறார், ஒவ்வொரு சொல்லையும் சப்புக்கொட்டிப் பேசுகிறார்.

நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற இடங்கள் இரண்டு. முதலாவது, பூவுலகத்து வீரன் ஜானி கேஜ் கோரோவோடு தானே மோதுவதாகச் சவால் விடுகிற இடம். ஷாங் சுங் ஒத்துக்கொள்கிறான், ஆனால் பதிலுக்குக் கடைசிச் சண்டையில் எதிராளியையும் இடத்தையும் தான் தேர்ந்தெடுக்கும் உரிமையை எழுதி வாங்காத குறையாக வாங்கிக்கொள்கிறான். கோரோ விழுகிறான். எல்லாரும் ஜெயித்துவிட்டோம் என்று குதிக்கும்போது இவன் அவர்கள் தோழி சோன்யாவைத் தூக்கிக்கொண்டு அவுட்வேர்ல்டுக்குப் போய்விடுகிறான். இடம் என் இஷ்டம் என்று பேசியாயிற்றே. பூவுலகத்தைக் காக்கிற ரைடனுக்குக் கடவுள் பட்டம் இருந்தும் அங்கே காலை வைக்க முடியாது. பத்திரத்தில் சின்ன எழுத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவன் நிலைமைதான் ஜானிக்கு.

இரண்டாவது, லியூ காங்கிடம் அடி வாங்கி ஓய்ந்த நேரம். அப்போது கோரோவாக மாறவில்லை, டிராகனாகவும் மாறவில்லை. செத்துப்போன தம்பி சானாக மாறி நிற்கிறான். சானைக் கொன்றவனே இவன்தான். ஒரு நொடி லியூ காங்கின் கை இறங்குகிறது. ஆட்டத்தில் உருமாற்றம் என்பது அடிகளைத் திருடுவது மட்டும். படம் அதை எடுத்து துக்கத்தைத் திருடுவதாக ஆக்கிவிட்டது. ஷாவ் கான் இப்படி ஒருத்தன் மனசுக்குள் கையை விட்டு நான் பார்த்ததில்லை.

பின்னால் மார்ட்டல் காம்பாட் 11-ல், 2019-ல், ஷாங் சுங்கைக் கொண்டுவந்தபோது தகாவாவின் முகத்தையும் குரலையும்தான் போட்டார்கள். இத்தனை நடிகர்கள் வந்துபோன பிறகு அந்த முகம்தான் நிலைத்தது.

11 அக்டோபர், இரவு

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து "அப்படியானால் அவன் ஏன் கானைத் தூக்கிப்போட்டு அரசனாகவில்லை?" என்கிறார். ஆனான், தம்பி. 2002-ல் வந்த டெட்லி அலையன்ஸ் பாகத்தைப் போட்டுப் பாருங்கள்.

குவான் சீ என்று இன்னொரு சூனியக்காரன். டிராகன் அரசனின் அழியாத படை பிணங்களாகக் கிடப்பதைக் கண்டுபிடிக்கிறான். உடம்புகள் ரெடி, உயிர்தான் இல்லை. உயிரை இடம் மாற்றத் தெரிந்தவன் ஷாங் சுங். ஆன்மாக்கள் ஓயாமல் வருகிற ஒரு வாசலை குவான் சீ தருவான், படைக்கு உயிரேற்றுவது இவன் வேலை. பேரம் முடிந்தது. இரண்டு பேருமாகக் கானை முடிக்கிறார்கள். (செத்தது நிஜக் கான் இல்லை என்று பின்னால் ஒரு கதை கட்டினார்கள், அதை விடுங்கள்.)

அடுத்த வேலை லியூ காங். தோழன் குங் லாவ் வேஷத்தில் பக்கத்தில் போய்த்தான் தாக்குகிறான். அப்போதும் தனியாக முடியவில்லை, குவான் சீ பின்னால் இருந்து கை கொடுக்க வேண்டியிருக்கிறது. கடைசியில் கழுத்தை முறித்து ஆன்மாவை உறிஞ்சுகிறான். ஆட்டத்தின் முதல் காட்சியே இது. பத்து வருஷமாக நாயகனாக இருந்தவனைத் தலைப்பு வருவதற்கு முன்னாலேயே கொன்றுவிட்டார்கள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை என்றால் சிரிப்பீர்கள்.

அப்புறம் இரண்டு கூட்டாளிகளும் ஒருத்தனை ஒருத்தன் அடித்துக்கொண்டார்கள். இதைச் சொல்லவே வேண்டாம்.

13 அக்டோபர்

முந்தாநாள் எழுதியதைப் படித்தபோது ஒன்று உறுத்தியது. அவனுக்கு முழு அதிகாரம் கிடைக்கிற கதைகள் எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை என்பதே உண்மை. மார்ட்டல் காம்பாட் 11-க்குத் தொடர்கதையாக வந்த ஆஃப்டர்மாத் (2020) எடுத்துக்கொள்ளுங்கள். காலத்தையே ஆள்கிற கிரானிக்காவின் கிரீடத்துக்காக ஆளாளுக்குப் பொய் சொல்லி, சிண்டெலையும் கானையும்கூட ஏமாற்றி, படியேறிக்கொண்டே போகிறான். ஏறுகிற வரை பிரமாதம். உச்சியில் நின்று "இனி நான்தான் எல்லாம்" என்கிற நிமிஷத்தில் அவனும் இன்னொரு கான் ஆகிவிடுகிறான். பசியும் இல்லை, பயமும் இல்லை.

இதற்கு எதிராக 2011 ஆட்டத்தில் அவன் முடிவைப் பாருங்கள். கான் அவனுடைய ஆன்மாவையும் சக்தியையும் பிடுங்கி சிண்டெலுக்குக் கொடுத்துவிடுகிறான். எத்தனையோ நூற்றாண்டு அடுத்தவர் உயிரைத் தின்றவன் கடைசியில் இன்னொருத்திக்குத் தீனி. அவள் அந்தச் சக்தியோடு போய் நாயகர்கள் கூட்டத்தையே அடித்துப்போடுகிறாள். அந்தச் சண்டையைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், அவளுக்குள்ளே இருந்து அடித்தது யாருடைய பலம் என்று பேசுவதில்லை. அந்த ஒரு காட்சியில் கேள்வி கேட்டவர் கட்சிக்குக் கொஞ்சம் வலு உண்டு, மறைக்கவில்லை. முதலாளி கடைசிவரை முதலாளியாகத்தான் இருந்தான்.

13 அக்டோபர், சற்று நேரம் கழித்து

ஆனால் வலு உண்டு என்பதற்காக ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

15 அக்டோபர்

2023-ல் வந்த புது மார்ட்டல் காம்பாட் 1 பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லையே? லியூ காங் நெருப்புக் கடவுளாகி உலகத்தைப் புதிதாகப் படைக்கிறான். பழைய எதிரிகளுக்கெல்லாம் அதிகாரம் கிடைக்காதபடி எளிய வாழ்க்கை கொடுக்கிறான். ஷாங் சுங்குக்கு என்ன வேலை கொடுத்தான் தெரியுமா? ஊர் ஊராக வண்டியோடு போய்ப் போலி மருந்து விற்கிற வேலை. சர்வரோக நிவாரணி லேகியக்காரன்!

எனக்கு இதுதான் அவனைப் பற்றி எழுதியதிலேயே நல்ல இடம். மந்திரம் எதுவும் கிடையாது, தீவு கிடையாது, கான் கிடையாது. வெறும் நாக்கு. கூட்டத்தை நிறுத்துகிறான், நம்ப வைக்கிறான், காசை வாங்கிக்கொண்டு கிளம்புகிறான். நாலு காட்சியில் இவன்தான் அவன் என்று தெரிந்துவிடுகிறது. பிறகு டமாஷி என்ற பெயரில் ஒரு உருவம் வந்து நிஜ சக்தி தருவதாக ஆசை காட்டுகிறது. அந்த டமாஷி யார் என்றால், வேறொரு காலக்கோட்டில் ஜெயித்துக் கடவுளான இன்னொரு ஷாங் சுங். ஏமாற்றுக்காரனை ஏமாற்ற இன்னொரு ஏமாற்றுக்காரன், இரண்டு பேரும் ஒரே ஆள்.

எனக்கு ஒரு வருத்தம், லேகியக் காட்சி சீக்கிரம் முடிந்துவிடுகிறது. அந்த வண்டியோடு இன்னும் இரண்டு ஊர் போயிருக்கலாம்.

16 அக்டோபர்

2021 படத்தைப் பற்றிக் கேட்டவருக்கு: சிங்கப்பூர் நடிகர் சின் ஹான் ஷாங் சுங் வேஷத்தை நன்றாகத்தான் செய்திருக்கிறார், குறை அவர் மேல் இல்லை. அந்தப் படத்தில் போட்டியே நடப்பதில்லை. அதற்கு முன்னாலேயே சப் ஜீரோவை அனுப்பி பூவுலகத்து ஆட்களைத் தீர்த்துக்கட்டப் பார்க்கிறான். ரைடன் ஏன் என்று கேட்டால் இவனுக்குப் பெரிய பதில் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. பேரம் இல்லை, சின்ன எழுத்து இல்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கையை மட்டும் அந்தப் பக்கம் நீட்டுகிற வேலைதான் ஷாங் சுங். கோடே இல்லாவிட்டால் அவன் வெறும் கறுப்பு அங்கி போட்ட ஒருத்தன்.

16 அக்டோபர், இரவு

எந்தப் பாகத்திலிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்ட தம்பிக்கு: கதைக்கு 2011 ஆட்டம், முதல் மூன்று பாகத்தையும் சேர்த்துச் சொல்லிவிடும். ஷாங் சுங்கையே ஆட வேண்டுமென்றால் இரண்டாம் பாகம். கிட்டானாவிலிருந்து பழகு, பிளாக் மூன்று தடவை, அதுதான் சுலபம். கின்டாரோ பக்கம் இப்போதைக்குப் போகாதே, கட்டைவிரல் போய்விடும்.